பதினாறு இடுகைகள், ஒரே வாய்: ராயபுரம் ரயில் நிலையத்தை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தண்டையார்பேட்டையில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு படிப்பகம் நடத்துகிறோம். மாலையில் பிள்ளைகள் வந்து படிப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் நாளிதழ் பார்க்க வருவார்கள். போன கோடை விடுமுறையில் வடசென்னை வரலாற்றைப் பற்றிச் சுவர்க் கண்காட்சி ஒன்று வைக்கலாம் என்று முடிவு செய்தோம். பின்னி மில், காசிமேடு, வள்ளலார் வாழ்ந்த ஏழுகிணறு, ராயபுரம் ரயில் நிலையம் எல்லாம் பட்டியலில் இருந்தன.

தகவலுக்குத் தமிழ் வலைப்பதிவுகளைத்தான் முதலில் நாடினோம். அதற்குக் காரணம் உண்டு. எங்கள் பகுதியின் தெருக்களையும் மனிதர்களையும் பற்றிப் பெரிய புத்தகங்களில் இருப்பது குறைவு. 2004-இல் காசி ஆறுமுகம், தமிழ் வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கிய பிறகு வந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில்தான் சாதாரண ஆட்கள் தங்கள் ஊரைப் பற்றித் தாங்களே எழுதி வைத்தார்கள். அந்த எழுத்து எங்களுக்குப் பொக்கிஷம். இந்த ஆய்வில் ஒரு பிழையைப் பற்றி நிறையப் பேசப் போகிறேன் என்பதால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ராயபுரம் நிலையம் பற்றித் தேடும் வேலையைக் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் எடுத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் 43 இடுகைகளைத் திரட்டினார். அவற்றில் 19 இடுகைகள் 'இந்தியாவின் முதல் ரயில் நிலையம்' என்றன. 15 இடுகைகள் 'தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம்' என்றன. மீதி 9 நிலையத்தைப் போகிற போக்கில் குறிப்பிட்டவை. பெரும்பான்மை எதுவோ அதை எடுப்பது என்று அவர் முடிவு செய்து, 'இந்தியாவின் முதல் ரயில் நிலையம் நம் ராயபுரம்' என்று பலகைக்கான வாசகத்தை எழுதிவிட்டார். நானும் பார்த்துச் சரி என்றேன். பத்தொன்பது பேர் சொல்கிறார்களே!

முதலில் கண்டது

வாசகத்தை அச்சுக்கு அனுப்ப இரண்டு நாள் இருந்தபோது, நாளிதழ் படிக்க வரும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் அதைப் பார்த்தார்.

"பம்பாய்லேர்ந்து தானே போன வண்டி எந்த வருஷம்மா?" என்று கேட்டார்.

"தெரியலையே ஐயா."

"1853, ஏப்ரல் 16. போரி பந்தர்ல ஏறி தானேயில இறங்குனாங்க. 34 கிலோமீட்டர். ராயபுரம் 1856. மூணு வருஷம் பின்னாடி வந்தது எப்படிம்மா முதல் ஆகும்?"

அப்புறம் அவரே உட்கார்ந்து விளக்கினார். ராயபுரம் நிலையத்தை 1856 ஜூன் 28 அன்று அப்போதைய ஆளுநர் ஹாரிஸ் திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை பொதுமக்களுக்கான வண்டி ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அதுதான். பயணிகள் ரயில் என்று அழுத்திச் சொல்ல வேண்டும் என்றார். ஏனென்றால் 1837-லேயே செங்குன்றம் பக்கம் கல் ஏற்றிச் செல்ல ஒரு ரயில்பாதை இருந்தது. போரி பந்தரிலும் தானேயிலும் அன்று இருந்த நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. ராயபுரத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. ஆகவே நாட்டில் இன்றும் நிற்கிற மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் ராயபுரம் என்று சொல்வதுண்டு. 'முதல்' வேறு, 'இன்றும் நிற்பதில் பழையது' வேறு.

வாசகத்தைத் திருத்துவது ஐந்து நிமிட வேலை. ஆனால் மாணவி கேட்ட கேள்வி எங்களை நிறுத்திவிட்டது: "அப்ப பத்தொன்பது பேரும் தனித்தனியா எப்படி ஒரே தப்பைப் பண்ணாங்க?"

முதல் முடிவு: எண்ணுவதை விட்டுத் தொடுப்பைப் பின்தொடர்தல்

அச்சு வேலையை மூன்று வாரம் தள்ளிவைத்தோம். எங்களில் ஒருவர் இதை ஏற்கவில்லை. அவர் சொன்னது எனக்கு இன்றும் நியாயமாகத்தான் படுகிறது. "நம்ம ஏரியா பேரு பேப்பர்ல வந்தா அடிதடி, கஞ்சா, வெட்டுக்குத்து. பெருமையா ஒரு வரி கிடைச்சா அதையும் ஏன் நோண்டுறீங்க?" பத்தொன்பது இடுகைகளில் பலவற்றை எழுதியவர்களின் மனசும் இப்படித்தான் இருந்திருக்கும். ரயில்வே பெரியவர்தான் பதில் சொன்னார்: "1856 போதாதா தம்பி?"

தொடுப்புகளை, அதாவது ஓர் இடுகையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் 'லிங்க்'குகளை, ஆராய்வதற்குச் செய்தது எளிய வேலைதான். நான்கு சார்ட் பேப்பரை ஒட்டித் தரையில் விரித்தோம். ஒவ்வோர் இடுகைக்கும் ஒரு வட்டம், அதற்குள் வெளியான மாதமும் ஆண்டும். ஓர் இடுகை இன்னொன்றுக்குத் தொடுப்புக் கொடுத்திருந்தால், கொடுத்தவரிடமிருந்து பெற்றவருக்கு அம்புக்குறி. பழையது இடப்பக்கம், புதியது வலப்பக்கம்.

வரையத் தொடங்கியதும் எல்லாத் தொடுப்பும் ஒரே மாதிரி இல்லை என்று தெரிந்தது. இடுகையின் நடுவே 'இங்கே' என்ற சொல்லில் இருக்கும் தொடுப்பு ஒரு வகை. கடைசியில் 'நன்றி' போட்டுக் கொடுப்பது இன்னொரு வகை. ஓரப்பட்டியில் 'நான் வாசிக்கும் வலைப்பூக்கள்' என்று இருக்கும் பட்டியல் நட்பைத்தான் காட்டுகிறது, அந்தந்த இடுகையைப் படித்ததைக் காட்டவில்லை. பின்னூட்டத்தில் 'நல்ல பதிவு, நம்ம கடைக்கும் வாங்க' என்று தன் முகவரியை விட்டுப்போவது மொய் எழுதுகிற மாதிரி. எழுதினவர் வீட்டுக்குத் திரும்ப ஒரு மொய் வர வேண்டும். 'இந்தத் தொடர்பதிவுக்கு இந்த ஐந்து பேரை அழைக்கிறேன்' என்று கோத்துவிடுவதும் உண்டு. தவறு என்று சொல்ல எழுதும் எதிர்வினை இடுகையிலும் ஒரு தொடுப்பு இருக்கும். எந்திரம் எண்ணினால் இவை எல்லாமே ஒன்று ஒன்றுதான். எங்கள் தாளில் முதல் இரண்டு வகையைக் கறுப்பிலும், எதிர்வினையைச் சிவப்பிலும், நட்புத் தொடுப்பைப் பென்சிலிலும் போட்டோம். இந்த நிறப் பிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் பின்னால் வந்த எதுவுமே எங்களுக்குப் புலப்பட்டிருக்காது.

செத்த தொடுப்புகள்

இரண்டாம் நாளே வேலை முடங்கியது. பாதிக்கு மேற்பட்ட தொடுப்புகள் திறக்கவில்லை. எழுதியவர்கள் அழித்துவிட்டார்கள் என்று நினைத்து விட்டுவிட இருந்தோம். முகவரிகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோது ஓர் ஒற்றுமை தெரிந்தது. திறக்காதவை பெரும்பாலும் 'பிளாக்ஸ்பாட் டாட் இன்' என்று முடிந்தன.

இதன் கதை இதுதான். 2012 முதல் இந்தியாவிலிருந்து கூகிளின் வலைப்பூச் சேவையான பிளாக்ஸ்பாட்டின் பக்கங்களைத் திறந்தால், முகவரி தானாகவே 'டாட் காம்'-இலிருந்து 'டாட் இன்'-க்கு மாறியது. சிங்கப்பூரில் திறந்தால் 'டாட் எஸ்ஜி'. பதிவர்கள் முகவரிப் பட்டையில் இருப்பதை அப்படியே நகலெடுத்து ஒட்டினார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். 2020-இல் அந்த 'டாட் இன்' பெயர் கூகிளின் கையை விட்டு வேறொருவர் கைக்குப் போய்விட்டது. எழுதிய பக்கங்கள் எல்லாம் 'டாட் காம்'-இல் பத்திரமாக இருக்கின்றன. அவற்றுக்குப் போகும் வழி மட்டும் அறுந்துபோனது. தமிழ்ப் பதிவர்கள் ஒருவருக்கொருவர் எட்டு ஆண்டுகள் போட்டுக்கொண்ட தொடுப்புகளில் எவ்வளவு இப்படிப் போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

மாணவி முதல் முகவரியில் 'இன்'-ஐ அழித்துவிட்டு 'காம்' என்று தட்டினார். பக்கம் திறந்தது. கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்து, ஓரத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணி, கீழே முதல் பின்னூட்டமாக 'மீ த ஃபர்ஸ்ட்டு'. தரையில் உட்கார்ந்திருந்த எல்லோரும் எழுந்து வந்து திரையைப் பார்த்தோம். அன்று இரவுக்குள் இரண்டே இரண்டு தவிர எல்லாம் திறந்துவிட்டன. அந்த இரண்டில் ஒன்று, பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் காப்பகத்தில் கிடைத்தது. புதியவர் கைக்குப் போன பெயர் என்பதால், 'டாட் இன்' முகவரிகளை நேரடியாகச் சொடுக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தோம்.

சார்ட் தாளில் தெரிந்தது

'இந்தியாவின் முதல்' என்று சொன்ன 19-இல் 12 இடுகைகளில் தொடுப்பு இருந்தது. எட்டு அம்புகள் 2013-இல் வெளியான ஒரே இடுகைக்குப் போயின. இரண்டு அம்புகள் அந்த எட்டில் இரண்டுக்குப் போயின. இன்னொன்று ஒரு நாளிதழின் முகப்புப் பக்கத்துக்குப் போனது, அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பன்னிரண்டாவது, அந்த 2013 இடுகையேதான். அதிலிருந்து ஒரு தொடுப்பு 2009-இல் எழுதப்பட்ட இன்னோர் இடுகைக்குப் போயிற்று.

அந்த 2009 இடுகையை எல்லோரும் சேர்ந்து படித்தோம். அதில் இருந்த வரி: 'இந்தியாவில் இன்றும் நின்றுகொண்டிருக்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழமையானது.' ரயில்வே பெரியவர் சொன்னதும் அதேதான். மூலத்தில் பிழையே இல்லை. 2013-இல் எடுத்தெழுதியவர் கையில் 'இன்றும் நின்றுகொண்டிருக்கும்' உதிர்ந்து, 'மிகப் பழமையானது' என்பது 'முதல்' ஆகிவிட்டது. அவர் நேர்மையாக நன்றி சொல்லித் தொடுப்பும் கொடுத்திருந்தார். அடுத்து வந்த எட்டுப் பேரும் அந்தத் தொடுப்பைத் தாண்டிப் போகவில்லை. கையருகே இருந்த இடுகைக்கு நன்றி சொல்லிவிட்டு நின்றுவிட்டார்கள்.

தொடுப்பே இல்லாத 7 இடுகைகளைத் தனியே பார்த்தோம். அவற்றில் ஐந்தில் 'நிலையம்' என்பது 'நிலயம்' என்று இருந்தது. ஆங்கில எழுத்தால் தமிழ் தட்டுகிறவர்களுக்கு ஓர் எழுத்து விட்டுப்போனால் இப்படி விழும். 2013 இடுகையிலும் அதே பத்தியில், அதே இடத்தில் 'நிலயம்'. ஐந்தும் நகல். படிப்பகத்துக்கு வரும் தமிழாசிரியை ஒருவர் இதைப் பார்த்ததும், ஏட்டுச் சுவடிகளை ஒப்பிடுவதும் இப்படித்தான் என்றார். ஒரே எழுத்துப்பிழை இரண்டு ஏடுகளில் இருந்தால் இரண்டும் ஒரே தாய் ஏட்டின் பிள்ளைகள். உ.வே.சா. ஊர் ஊராகப் போய்ப் பல ஏடுகளைத் தேடி ஒப்பிட்டதற்குக் காரணமே, ஒரு வழியில் வந்த நகல்கள் எத்தனை இருந்தாலும் அவை ஒரு சாட்சிதான் என்பது என்று விளக்கினார்.

ஆக 2013 இடுகை, அதை ஒட்டி எட்டு, அவற்றை ஒட்டி இரண்டு, நகல் ஐந்து. மொத்தம் 16. பத்தொன்பது பேர் என்று நாங்கள் எண்ணியதில் பதினாறு பேர் ஒரே வாய்.

'தென்னிந்தியாவின் முதல்' என்று சரியாக எழுதிய 15 இடுகைகளும் தாளின் இன்னொரு மூலையில் திரண்டு கிடந்தன. எழுதியவர்கள் பெரும்பாலும் ரயில் ஆர்வலர்கள். எஞ்சின் வகை, பாதை அகலம் என்று பேசுகிறவர்கள். அவர்களுக்குள் அம்புகள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. ஊர் நினைவுகளை எழுதும் கூட்டத்துக்கும் இந்தக் கூட்டத்துக்கும் இடையே வெறும் இரண்டு கோடுகள். 2004 அமெரிக்கத் தேர்தலின்போது அரசியல் வலைப்பதிவுகளின் தொடுப்புகளை லாடா அடமிக், நடாலி கிளான்ஸ் இருவரும் ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டார்கள். இரு கட்சிப் பதிவர்களின் தொடுப்புகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் சொந்த அணிக்குள்ளேயே சுற்றியதைக் கண்டார்கள். எங்கள் தாளில் பகையோ கட்சியோ இல்லை. ஊர்க்காரர்கள் ஊர்க்காரர்களைப் படித்தார்கள், ரயில்காரர்கள் ரயில்காரர்களைப் படித்தார்கள், அவ்வளவுதான். சரியான விடை பக்கத்துத் தெருவில் இருந்தும் யாரும் போய்க் கேட்கவில்லை.

அந்த இரண்டு கோடுகளில் ஒன்று, வலைச்சரம் மாதிரி வாராவாரம் மற்றவர் இடுகைகளை அறிமுகம் செய்யும் ஓர் இடுகை. இரண்டு கூட்டத்திலிருந்தும் ஒவ்வொன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாராட்டியிருந்தது. இன்னொன்று சிவப்பு. 2014-இல் ஒரு ரயில் ஆர்வலர் எழுதிய எதிர்வினை. 'இது முதல் நிலையம் அல்ல, போரி பந்தரை மறக்க வேண்டாம்' என்று மரியாதையாக எழுதி, 2013 இடுகைக்குத் தொடுப்பும் கொடுத்திருந்தார்.

என்னை அதிகம் உறுத்தியது இந்தச் சிவப்புக் கோடுதான். திருத்தம் 2014-லேயே எழுதப்பட்டுவிட்டது. ஆனால் தொடுப்பு ஒருவழிப் பாதை. எதிர்வினையைப் படிக்கிறவர் 2013 இடுகைக்குப் போகலாம். 2013 இடுகையைப் படிக்கிறவருக்கு இப்படி ஓர் எதிர்வினை இருப்பதே தெரியாது. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2002-இல் டிராக்பேக்கும் பிங்பேக்கும் வந்தன. 'உன் இடுகைக்கு நான் தொடுப்புக் கொடுத்திருக்கிறேன்' என்று பெற்றவருக்குத் தகவல் போய், அவர் பக்கத்தின் அடியில் அது தெரியும். எரிதங்கள் (ஸ்பேம்) புகுந்து நாசம் பண்ண, பலர் அந்த வசதியையே மூடிவிட்டார்கள். 2014 எதிர்வினைக்குப் பிறகும் நான்கு இடுகைகள் 'முதல்' என்று எழுதி 2013-க்கு நன்றி சொல்லியிருக்கின்றன.

இரண்டாம் முடிவு: எழுதியவர்களிடம் போதல்

2013 இடுகைக்காரர் இன்னும் அவ்வப்போது எழுதுகிறார். அவருக்குத் தகவல் சொல்ல நினைத்து, அவசரத்தில் இடுகையின் பின்னூட்டத்திலேயே எங்கள் கண்டுபிடிப்பை முழுவதும் போட்டுவிட்டோம். இது எங்கள் தவறு. பன்னிரண்டு ஆண்டு கழித்து யாரோ வந்து பொதுவில் கணக்குக் கேட்ட மாதிரி அவருக்கு இருந்திருக்கிறது. இரண்டு நாள் பதில் இல்லை. பின்னூட்டத்தை நீக்கும்படி நாங்களே கேட்டு, தனி மின்னஞ்சல் எழுதினோம். ரயில்வே பெரியவர் சார்பாக ஒரு வரி சேர்த்தோம்: 'உங்கள் இடுகை வழியாகத்தான் அந்தப் பழைய நல்ல இடுகை எங்களுக்குக் கிடைத்தது.' உண்மையும் அதுதான்.

அன்று மாலையே தொலைபேசியில் அழைத்தார். தலைப்பு நீளமாக இருக்கிறதே என்று சுருக்கியதாகவும், பிறகு உள்ளேயும் அதையே எழுதிவிட்டதாகவும் சொன்னார். "இத்தனை பேர் எடுத்துப் போட்டிருக்காங்கன்னு எனக்கே இப்பதாங்க தெரியுது" என்றார். பழைய வரியை அழிக்காமல் அடித்துக் காட்டி, கீழே திருத்தம், தேதி, 2014 எதிர்வினைக்குத் தொடுப்பு மூன்றையும் போட்டார். 2009 மூலத்துக்கான தொடுப்பையும் 'டாட் காம்' ஆக்கினார்.

மற்ற பத்துப் பேருக்கும் தனித்தனியாக எழுதினோம். மூவர் பதில் போட்டார்கள், இருவர் திருத்தினார்கள். மற்ற வலைப்பூக்கள் கைவிடப்பட்டுக் கிடக்கின்றன. 2009 இடுகையை எழுதியவர் 2015-க்குப் பிறகு எதுவும் எழுதவில்லை. நாங்கள் அனுப்பிய மடலுக்கும் பதில் வரவில்லை. நகல் ஐந்தில் முகவரியே இல்லை.

பின் நடந்தது

பலகையில் இப்படி அச்சிட்டோம்: 'தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்து வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது.' 'நாட்டிலேயே பழையது' என்பதைப் பலகையில் சேர்க்கவில்லை. அதற்கு எங்கள் கையில் இருந்ததெல்லாம் கேள்வி ஞானமும் ஓர் இடுகையும்தான்.

சார்ட் தாளையும் பக்கத்தில் மாட்டினோம். எங்கள் எதிர்பார்ப்புக்கு மாறாக, ஆட்கள் அதன் முன்னால்தான் அதிக நேரம் நின்றார்கள். காசிமேட்டிலிருந்து பேரனோடு வந்த ஓர் அம்மா கோடுகளை விரலால் தொட்டுக்கொண்டே போனார். "இத்தினி கோடும் ஒரே ஆளாண்டதான் போவுதா?" என்று கேட்டார். ஆமாம் என்று மாணவி சொன்னதும், மீன் விலை வதந்தி கடற்கரையில் பரவுவதும் இப்படித்தான் என்று அவர் சொல்லிப் பேரனுக்கும் விளக்கினார்.

அடுத்த முறை மாற்றப்போவது

திரட்டுகிற அன்றே ஒவ்வொரு பக்கத்தையும் காப்பகத்தில் சேமிக்க வேண்டும். எங்கள் மூன்று வாரத்துக்குள்ளேயே ஒரு வலைப்பூ பூட்டப்பட்டுவிட்டது. அதில் இருந்த பழைய நடைமேடைப் புகைப்படம் போனது போனதுதான்.

எத்தனை பேர் சொன்னார்கள் என்ற எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். எத்தனை தனி வழி என்று எழுதுகிறோம். அதற்கு வெளியான தேதி வேண்டும், எழுத்துப்பிழைகளையும் குறிக்க வேண்டும்.

நாங்கள் எழுதுவதில் தொடுப்புக் கொடுக்கும்போது, இடுகையின் தலைப்பையும் எழுதியவர் பெயரையும் தேதியையும் பக்கத்திலேயே எழுத்தில் போடுகிறோம். முகவரி செத்தாலும் தலைப்பை வைத்துத் தேடலாம். 'இங்கே' என்று மட்டும் எழுதி வைத்தால் தேடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. இன்னொருவர் வழியாக ஒன்று கிடைத்தால் இரண்டு தொடுப்புகள்: வழி காட்டியவருக்கு ஒன்று, மூலத்துக்கு ஒன்று. மூலத்தைத் திறந்து படிக்காமல் இரண்டாவதைப் போடக் கூடாது.

யாரிடம் பிழை கண்டாலும் முதலில் தனி மடல்.

இப்போது மாணவியின் கையில் இருப்பது 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைமீது குண்டு வீசிய சம்பவம். எண்ணெய்க் கிடங்குகள் பற்றியெரிந்ததைத் தாத்தா சொன்னார், பாட்டி சொன்னார் என்று எழுதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 31 இடுகைகள் சேர்ந்திருக்கின்றன. சார்ட் பேப்பர் மறுபடி தரையில் விரிந்திருக்கிறது. இந்த முறை ரயில் ஆர்வலர்கள் இருவரையும் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரையும் முதல் நாளே கூப்பிட்டிருக்கிறோம்.